426 கிலோமீட்டர், ஒரு வாடகை வண்டி, நானும் அண்ணியும்

ஜனவரி முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு புதுச்சேரியில் இருக்கும் இந்த வாடகை வண்டிக் கடையில் வண்டி எடுத்தேன். ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350, கியர் பைக். நாள் வாடகை 1,200 ரூபாய், முன்பணம் 3,000. பின்னால் உட்கார்ந்து வந்தது என் அண்ணி. புதுச்சேரியிலிருந்து கல்வராயன் மலை, அங்கிருந்து வீராணம் ஏரி, மறுபடி புதுச்சேரி என்று 426 கிலோமீட்டர் ஓட்டினேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. நல்லதும் உண்டு, குறையும் உண்டு. இரண்டையும் நடந்தபடியே எழுதுகிறேன், குறிப்பாக மலைக்குப் போக வண்டி தேடும் பெண்களுக்காக.

நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை. வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது, ஆனால் அது அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் ஓடி ஓடித் தேய்ந்தது. அதனால்தான் வாடகை வண்டி. முதலில் போன் செய்து நல்ல ஸ்கூட்டர் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டேன். கடைக்காரர் வாடகை சொல்வதற்கு முன்னால், "எங்க போறீங்க மேடம்?" என்றார். கல்வராயன் மலை என்றேன். "எத்தனை பேரு?" இரண்டு பேர் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்கூட்டர் வேணாங்க, கியர் வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டார்.

வாடகை அதிகமான வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் சொன்ன காரணம் இதுதான். ஏற்றத்தில் ஸ்கூட்டர் திணறினாலும் எப்படியாவது ஏறிவிடும், சிக்கல் இறக்கத்தில்தான். ஸ்கூட்டரில் என்ஜினின் பிடி குறைவு, இரண்டு பேர் எடையோடு இறங்கும்போது முழுக்க பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறைந்துவிடும். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் என்ஜினே பாதி வேலை பார்க்கும். கேட்கக் கேட்க நியாயமாகப் பட்டது. அண்ணனுடைய பழைய பைக்கில்தான் நான் ஓட்டப் பழகியது, உரிமமும் கியர் வண்டிக்கு எடுத்ததுதான். சரி என்றேன்.

அடுத்து என் உயரத்தைக் கேட்டார். ஐந்தடி ஒரு அங்குலம். வேறு எந்தக் கடையிலும் இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கடையில் 350 சிசி வண்டிகள் பல இருந்தும் எனக்கு மீட்டியாரை ஒதுக்கியதற்கு அதுதான் காரணம். அதன் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர்தான். வண்டி 191 கிலோ. அந்த எடையை நிறுத்தத்தில் தாங்க இரண்டு காலும் முழுதாகத் தரையில் ஊன்ற வேண்டும், எனக்கு ஊன்றியது. என்னைப்போல் குள்ளமானவர்கள் பார்க்க அழகாக இருக்கிறது என்று வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உட்கார்ந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலையே வந்து எடுத்துக்கொள்ளலாம், வாடகை சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்துதான் என்றார். இது பெரிய உதவி. அண்ணன் வீடு லாஸ்பேட்டையில். இரவு அங்கே தங்கி விடியற்காலையில் கிளம்பலாம். ஆனால் ஐந்தரை மணிக்கு வரச் சொல்லிவிட்டு வண்டியைக் கையில் கொடுத்தபோது ஏழு. ஒன்றரை மணி நேரம் சந்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என்ன வேலை நடந்தது என்பதைப் பார்த்ததால் கோபம் வரவில்லை. ஆனால் ஏழு மணி என்றே சொல்லியிருந்தால் கடலூரில் அரை நாள் விடுப்பு போடாமல் வந்திருப்பேன்.

நடந்த வேலையைச் சொல்கிறேன். கடையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார், செயினை விரலால் தூக்கித் தூக்கி ஆட்டம் பார்த்தார். பின் பிரேக் பேடைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பாதிக்கும் கொஞ்சம் கூடவே தேய்ந்திருந்தது. "ஊருக்குள்ள ஓட்ட இன்னும் மூணு மாசம் வரும். மலைக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் புதிது மாட்டினார். முதலாளி கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே இந்தக் கடைக்கு என் நட்சத்திரங்களைக் கொடுக்கலாம்.

பிறகு பின் டயருக்கு இரண்டு பேர் கணக்கில் காற்று. அதோடு முன் விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். ஏன் என்று கேட்டேன். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன் விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், நமக்கோ சாலை தெரியாது என்றார். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. கடைசியில் அவரே பின்னால் ஏறிக்கொண்டு என்னைத் தெருவை இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு நேராக அண்ணியை ஏற்றினால் வண்டி வேறு மாதிரி நடக்கும், அந்த வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடட்டும் என்றார்.

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து, அதாவது முறையாக வாடகைக்குப் பதிவு செய்த வண்டி. புதுச்சேரியில் வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறவர்களும் உண்டு, நூறு ரூபாய் மிச்சம் என்று அதை எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். வண்டியில் இருந்த கீறல்களையெல்லாம் கடைக்காரர் தானே வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்பினார். திரும்ப வரும்போது அந்த வீடியோவை வைத்துத்தான் பார்த்தார்கள்.

டேங்க் கிட்டத்தட்ட காலி. அது கடையின் வழக்கம், முன்பே சொல்லிவிட்டார்கள். புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் இங்கேயே முழுக்க நிரப்பிக்கொண்டேன். 15 லிட்டர் டேங்க். வழியில் விருத்தாசலத்தில் ஒரு தைரியத்துக்கு இரண்டு லிட்டர் போட்டதைத் தவிர வேறு எங்கும் போடவில்லை.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணமே அவருக்காகத்தான். அண்ணி பிறந்தது கச்சிராயபாளையம், கல்வராயன் மலையின் அடிவாரம். வாசலில் நின்றால் மலை தெரியும். சந்தை நாளில் மலையிலிருந்து ஆட்கள் கடுக்காயும் தேனும் சாமையும் சுமந்துகொண்டு இறங்கி வருவார்களாம். அவர்களிடம் தேன் வாங்கித் தின்றிருக்கிறார், மழைக்காலத்தில் மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். ஆனால் மேலே போனதே இல்லை. "பொம்பளப் புள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போவா? கல்யாணம் ஆகி இங்க வந்துட்டேன், அப்புறம் புள்ளைங்க," என்று ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். வயது 47. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வில்லியனூர், கண்டமங்கலம் தாண்டி விழுப்புரம் வரை பனி. விழுப்புரத்தில் இட்லி, பொங்கல். அங்கிருந்து உளுந்தூர்பேட்டை, அப்புறம் சேலம் சாலையில் கள்ளக்குறிச்சி. இந்தப் பகுதி பற்றி எழுத ஒன்றுமில்லை, நாற்கரச் சாலை, இடப்பக்கமாக எழுபதில் போனோம். வண்டி அதிராமல் ஓடியது. அண்ணி மட்டும் உளுந்தூர்பேட்டை தாண்டியதிலிருந்து அடிக்கடி ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கடையின் பெரிய குறை இந்த ஹெல்மெட்தான். ஓட்டுபவருக்குக் கொடுத்தது நல்லதாக இருந்தது. பின்னால் உட்காருகிறவருக்கு என்று கொடுத்தது ஒரே அளவு, எல்லோருக்கும் அதுதான். அண்ணிக்கு அது பெரிது, உள்பஞ்சு அமுங்கிப் போய் காற்றில் ஆடியது, முன்கண்ணாடி முழுக்கக் கீறல். வளைவில் நான் சாயும்போது அவருக்குச் சாலை தெரியவில்லை என்றால் அவர் எதிர்ப்பக்கம் சாய்வார், அது இரண்டு பேருக்கும் ஆபத்து. கள்ளக்குறிச்சியில் நிறுத்தி, அவர் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டுப் பட்டையை இறுக்கினோம். பிரேக் பேடை அவ்வளவு அக்கறையாக மாற்றியவர்கள் பின்னிருப்பவரின் தலையை மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கச்சிராயபாளையத்தில் அண்ணியின் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. மாலையில் கோமுகி அணை. மலையிலிருந்து கல்படை, பொட்டியம் என்று ஓடைகள் வந்து சேரும் இடம், அணையின் முழு உயரம் 46 அடி. தண்ணீர் நன்றாக இருந்தது. மலையின் நிழல் விழுந்து பாதித் தண்ணீர் கறுப்பாகவும் மீதி வெள்ளியாகவும் கிடந்தது. அண்ணி அணைக்கரையில் நடந்துகொண்டே பள்ளிக்கூடத் தோழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மலை ஏறினோம். வெள்ளிமலைக்குப் போகும் சாலை அடிவாரத்திலிருந்தே வளைய ஆரம்பித்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியர், மிகக் குறுகிய இடத்தில் ஒன்று. "வளைவுக்குள்ள போய் கியர் மாத்தாதீங்க, வெளியவே மாத்திட்டு உள்ள போங்க," என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன். மேலே போகப் போகக் குளிர் ஏறியது. அண்ணி என் தோளில் வைத்திருந்த கை முதல் நாலைந்து வளைவுகளில் இறுகிப் போயிருந்தது, பிறகு தளர்ந்துவிட்டது.

பெரியார் அருவி சாலையை ஒட்டியே இருக்கிறது, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்சம் நடந்தால் போதும். மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் தண்ணீர் நிறைய. காலையில் கூட்டம் இல்லை, இரண்டு குடும்பங்கள் மட்டும். பாறை முழுக்கப் பாசி, செருப்போடு ஏறினால் வழுக்கும், வெறுங்காலில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நகர வேண்டும். அண்ணி முதலில் கையில் தண்ணீரை ஏந்தி வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், அப்புறம் சுடிதாரோடு அப்படியே போய் அருவிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம். நான் கூப்பிட்டதெல்லாம் அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவே இல்லை. எழுந்து வந்தபோது உதடெல்லாம் நடுங்கியது. "நாப்பது வருஷமா தூரத்துலேர்ந்து பாத்த மலை," என்று மட்டும் சொன்னார். சித்திக்கு முழங்கால் வலி, மேலே வர முடியாது என்று ஒரு பாட்டிலில் அருவித் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிமலையில் தேநீர். அங்கிருந்து கரியாலூர். அங்கே சின்ன ஏரி, படகு விடுகிறார்கள், பக்கத்தில் பூங்கா. பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள், ஆனால் காலை பத்து மணி வெயிலில் மலைமேல் ஒரு அமைதியான தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க நன்றாக இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளித் தோட்டம். ஒரு வீட்டுத் திண்ணையில் வேகவைத்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் கிடைத்தன, பத்து ரூபாய்க்கு இரண்டு பேர் வயிறு நிறையத் தின்றோம். மேகம் அருவி, கவியம் அருவி என்று இந்த மலையில் இன்னும் இருக்கின்றன. எங்களுக்கு நேரம் இல்லை.

கரியாலூரிலிருந்து திரும்பும்போதுதான் பின் டயர் பஞ்சர். வண்டியின் பின்பக்கம் இப்படியும் அப்படியும் நெளிய ஆரம்பித்தது, உடனே நிறுத்திவிட்டேன். ஒரு ஆணி தலைவரை ஏறியிருந்தது. கடைக்குப் போன் போட்டால் சிக்னல் வந்து வந்து போனது. பஞ்சர் கடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆனால் இருக்கைக்குக் கீழே கடையில் கொடுத்த பஞ்சர் கிட் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய டயரை எடுத்துப் போட்டு, ஓட்டை போட்டு, அடைத்துக் காட்டியிருந்தார். அப்போது எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றியது.

இது டியூப் இல்லாத டயர், அதனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். முதலில் ரப்பர் திரியை ஊசியின் காதில் கோத்து, பசை தடவித் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும், முன்பே பிடுங்கினால் மிச்சம் இருக்கும் காற்றும் போய்விடும். ஆணி போன சாய்விலேயே அரம் மாதிரி இருக்கும் கம்பியை விட்டு நாலைந்து முறை இழுத்து ஓட்டையின் உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும். இதற்குத்தான் பலம் தேவைப்பட்டது, அண்ணி வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள நான் முட்டி போட்டு இழுத்தேன். பிறகு திரி கோத்த ஊசியை முக்கால் பாகம் உள்ளே அழுத்தி, ஒரே வெட்டாக வெளியே இழுக்க வேண்டும். ஊசி வந்துவிடும், திரி உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தியால் நறுக்கிவிட்டு எச்சில் தொட்டு வைத்தேன். குமிழ் வரவில்லை.

அடுத்தது காற்று. கிட்டோடு ஒரு சின்னக் கால்பம்பு இருந்தது. அதை மிதித்தால் காற்று டயருக்குள் போகாமல் பம்பின் குழாயில் இருந்த விரிசல் வழியாகப் புஸ்ஸென்று போனது. கிட் வாங்கி வைத்தவர்கள் பம்பை ஒருமுறை மிதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணி தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி விரிசல் மேல் சுற்றி விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் மிதித்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. வெள்ளிமலை வரைக்கும் மெதுவாகப் போகும் அளவுக்குக் காற்று ஏறியது, அங்கே ஒரு கடையில் சரியாக அடித்துக்கொண்டோம். அந்தத் திரி அதன்பிறகு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் கசியவில்லை. மலைக்கு வண்டி எடுப்பவர்கள் கிட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், பம்பை அங்கேயே மிதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இறக்கம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டவே கூடாது என்பது அவர் சொன்ன பாடம். அப்படியே செய்தேன். என்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்தது, வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டு பிரேக்கையும் தொட்டுத் தொட்டு விட்டேன். அடிவாரத்துக்கு வந்து நின்றபோது கை வலிக்கவில்லை, பிரேக்கும் காலையில் பிடித்த மாதிரியே பிடித்தது. ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொன்னதற்கு அங்கேயே மனதுக்குள் நன்றி சொன்னேன்.

சித்தி அந்த பாட்டில் தண்ணீரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அணையில இருக்கறதும் இந்தத் தண்ணிதானடி," என்றார். ஆனால் மீதியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பி உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியாகச் சேத்தியாத்தோப்பு. விருத்தாசலத்தில் மணிமுக்தாற்றுப் பாலத்தில் நிறுத்தி அண்ணிக்குக் காட்டினேன். கோமுகி இந்த ஆற்றில் வந்து கலக்கிறது, மணிமுக்தா பிறகு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. தான் பிறந்த ஊரின் தண்ணீர் கடலூர் மாவட்டத்துக்குள் இப்படி வருகிறது என்பது அவருக்குப் புதுச்செய்தி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தார்.

வீராணம் ஏரிக்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. நான் கடலூர்க்காரி, இந்த ஏரியைப் பேருந்து ஜன்னலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வண்டியில் கரைமேல் போவது வேறு அனுபவம். பராந்தகச் சோழனின் மகன் இராஜாதித்தன் பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது, தந்தையின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. நீளம் மட்டும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சாலை கிழக்குக் கரையில் ஓடுவதால் மாலையில் போனால் சூரியன் தண்ணீருக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளத்தில் கதிர் பிடித்த சம்பா வயல், கொக்குகள் இரண்டுக்கும் நடுவே எங்கள் தலைக்கு மேல் போய் வந்துகொண்டிருந்தன. முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை.

"இதுக்கும் நம்ம கோமுகித் தண்ணிதான் வருதா?" என்று கேட்டார் அண்ணி. இல்லை அண்ணி, இது காவிரித் தண்ணீர், கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது என்றேன். 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்துதான் குழாயில் குடிநீர் போகிறது என்றும் சொன்னேன். ஏரி நிரம்பி வழிந்தால் மிச்சம் வெள்ளாற்றில் விடுவார்கள். "அப்ப கடைசியில எல்லாம் ஒண்ணாத்தான் கடலுக்குப் போவுது," என்றார். ஆமாம் என்றேன். கரையோரக் கடையில் ஏரி மீன் வறுவல், சுடச்சுட.

இருட்டிய பிறகு வந்த பாதைதான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. கரும்பு அரவைக் காலம். ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் இரட்டை டிரெய்லரில் சாலையின் அகலத்துக்குக் கரும்பை ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் போகும். எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசும் நேரம் பார்த்து முன்னால் ஒரு கறுப்புச் சுவர் நிற்கிற மாதிரி இருக்கும். இறக்கி வைத்த அந்த முன் விளக்கு இங்கேதான் உதவியது. வெளிச்சம் சாலையிலேயே படர்ந்து விழுந்ததால் இரண்டு டிராக்டர்களை நல்ல தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்தேன். நாற்பதைத் தாண்டவில்லை. வடலூரில் தருமச்சாலையில் சாப்பிட்டோம். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரியும் இடம். சாப்பிட்டதும் கிளம்ப மனமில்லாமல் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டோம், தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கடை ஒன்பது மணிக்கு மூடுவது. நான் கடலூர் தாண்டும்போதே தாமதமாகும் என்று போன் செய்துவிட்டேன். ஒன்பது நாற்பதுக்குப் போனபோது கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். தாமதக் கட்டணம் 100 ரூபாய், முன்பே எழுதிக் காட்டிய விதி, நியாயம்தான். வீடியோவை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். மலையில் சரளையில் நிறுத்தியபோது வண்டி சாய்ந்து லெக் கார்டில் ஒரு புதுக் கீறல், அதை நானே காட்டினேன். "அது விழுந்தா தாங்கத்தானே போட்டிருக்கு," என்று சொல்லிக் காசு பிடிக்கவில்லை. மீதி 2,900 ரூபாய் நான் கடையில் நிற்கும்போதே போனுக்கு வந்துவிட்டது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலுக்குப் பணம் கிடையாது, அதனால் கடைசி நாளில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

பம்பைக் கையில் கொடுத்து விரிசலைக் காட்டினேன். இரண்டு முறை மிதித்துப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். எல்லா வண்டியிலும் இருக்கும் பம்பை நாளைக் காலையிலேயே எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று நோட்டில் எழுதினார். ஹெல்மெட் பற்றிச் சொன்னதற்கு மட்டும், "பின்னால உக்கார்றவங்க நெறைய பேரு போட்டுக்கறதே இல்ல மேடம், அதான்..." என்று இழுத்தார். போடாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் போடுகிறவருக்கு ஆடும் ஹெல்மெட்டைக் கொடுப்பது சரியில்லை என்று நேராகவே சொன்னேன். கேட்டுக்கொண்டார். மூன்று அளவில் புதிதாக வாங்கி வைத்தால் இந்தக் கடைக்குக் குறை சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

மெக்கானிக் அண்ணன் அன்றிரவு கடையில் இல்லை. மறுநாள் காலை போன் செய்து, திரி கசியவே இல்லை என்று சொன்னேன். "மொத தடவ போட்டதா? நல்லா அழுத்திப் போட்டிருக்கீங்க," என்றார்.

தைப்பூசம் முடிந்து ஒரு சனிக்கிழமை மறுபடி இதே வண்டியைக் கேட்டிருக்கிறோம், மேகம் அருவிக்கு. அண்ணி நேற்று நேரு வீதியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி சிவப்பில் ஒரு ஹெல்மெட் வாங்கிவிட்டார். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நின்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.